நெரெய்தா மாற்றி வைத்த கட்டுகள்

நெரெய்தா பொய் சொல்லமாட்டாள் என்று எங்கள் தெருவில் அவளுக்கு ஒரு பேர் உண்டு. நான் அதை நம்பியதில்லை. பொய் சொல்ல அவளுக்கு நேரமில்லை, அவ்வளவுதான். பதினாலு வயதில், தம்போரில் என்கிற எங்கள் ஊரின் சுருட்டு ஆலைக்குள் நுழைந்தவள். ஐம்பத்தாறு வயது வரைக்கும் காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை சுருட்டுக்கு மேலிலை சுற்றினாள். அந்த வேலையில் வாய் திறந்தால் கை நின்றுபோகும். அதனால் அவள் பேசக் கற்றுக்கொள்ளவே இல்லை. பேசாதவளை எல்லாரும் நல்லவள் என்று சொல்லிவிடுகிறார்கள். என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அவள் மலைமேல் இருக்கிற ஒரு குக்கிராமத்துப் பெண். பிறவியிலேயே இடது கைக்காரி. அது பிசாசின் கை என்று அவளுடைய அம்மா அந்தக் கையைத் துணியால் இடுப்போடு கட்டிப்போட்டு வளர்த்தாளாம். ஆலையில் சேர்ந்த பிறகுதான் அந்தக் கைக்கு மரியாதை வந்தது. புகையிலையின் நடுநரம்பைக் கிழித்து எடுத்தால் இலை இரண்டு பாதியாகும். ஒரு பாதியை ஒரு பக்கமிருந்து சுற்ற வேண்டும், இன்னொரு பாதியை மறுபக்கமிருந்து. இடது பாதி இலை வந்தால் மற்ற பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள். நெரெய்தா எல்லாவற்றையும் இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொள்வாள்.

எங்கள் ஊரில் சுருட்டு வேலை ஜோடி வேலை. ஆண் உள்ளிலைகளை மடித்து, அதன்மேல் ஒரு இலையைச் சுற்றிக் கட்டு செய்து அச்சில் அடுக்குவான். பெண் அந்தக் கட்டை எடுத்து மேலிலை சுற்றி முடிப்பாள். இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு கணக்கு. கட்டு கல் மாதிரி இறுகியிருந்தால் புகை வராது. பஞ்சு மாதிரி இருந்தால் மளமளவென்று எரிந்து நாக்கைச் சுடும். சுற்றுகிறவள் கையில் எடுத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் திட்டக்கூடாது, ஒரு வார்த்தை பேசக்கூடாது. அந்தக் கட்டை மேஜைமேல் அவன் பக்கமாகத் தள்ளிவிட வேண்டும். அதைவிடப் பெரிய திட்டு எங்கள் ஊரில் கிடையாது.

லியோகாதியோவை அவளுக்கு ஜோடியாகப் போட்ட முதல் நாள், அவன் கட்டியதில் ஒன்பதைத் தள்ளினாள். பெரிய மீசை வைத்துக்கொண்டு, டொமினோ ஆட்டத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று திரிந்தவன் அவன். அன்றைக்குக் காது சிவந்துபோய் வெளியே வந்தான். மறுநாள் நாலு தள்ளினாள். மூன்றாவது வாரம் ஒன்றும் தள்ளவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்டுப் போனான். அப்புறம் முப்பத்தோரு வருஷம் ஒரே மேஜை. இரண்டு பிள்ளைகள், இரண்டும் நியூயார்க்கில். முப்பத்தோரு வருஷத்தில் அவன் கட்டிய ஒன்றைக்கூட அவள் தள்ளியது கிடையாது. புருஷன் என்பதற்காக இல்லை. அவன் அவ்வளவு நன்றாகக் கட்டினான்.

போன வருஷம் பெரிய வெள்ளிக்கு முன்னால், டொமினோ மேஜையில் அவன் கையிலிருந்து காய் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். பேச்சு மெல்லத் திரும்பி வந்தது. கால் திரும்பிற்று. வலது கையும் திரும்பிற்று, ஆனால் உணர்ச்சி இல்லாமல் திரும்பிற்று. கொதிக்கிற காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். விரல் சிவந்துகொண்டிருக்கும். அவனுக்குத் தெரியாது. நான்தான் "ஏய், கீழே வை" என்று கத்துவேன்.

ஆலையில் நெரெய்தாவுக்கு வேறு ஆள் போட்டார்கள். வேண்டாம் என்றாள். ஜோடி இல்லாதவளுக்கு மேஜை கிடையாது. கடைசியில் இருக்கிற உதிரி மேஜைக்கு அனுப்பினார்கள். அங்கே மற்றவர்கள் கிழித்த மேலிலைகளுக்கு ஒட்டுப்போடுகிற வேலை. பதினொரு மாதம் அதைச் செய்தாள். ஏனடி இப்படி என்று கேட்டதற்கு, "அவன் வந்து தேடும்போது இடம் காலியா இருக்கணும்ல" என்றாள். அன்றைக்கு அவள் பேசிய மொத்தப் பேச்சே அதுதான்.

வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் ஊரில் சுருட்டுத் திருவிழா. மாதா கோயில் எதிரே பூங்கா முழுக்கக் கூடாரம் போட்டுவிடுவார்கள். ஜெர்மன்காரன், அமெரிக்கன், எங்கெங்கிருந்தோ வருவார்கள். ஆலைக்காரர்கள் ஸ்டாலுக்குப் பட்டுத்துணி கட்டி, குட்டைப் பாவாடைப் பெண்களை நிறுத்துவார்கள். எங்கள் பேட்டைச் சங்கத்துக்கும் ஒரு ஸ்டால் உண்டு. அதில் வேலை செய்கிற எல்லாரும் வாலண்டியர். சம்பளம் கிடையாது. ஒரு பச்சைப் பனியனும் மத்தியானச் சாப்பாடும் உண்டு. பனியன் எல்லாம் ஒரே அளவு. எனக்கு அது வயிற்றுக்கு மேலேயே நின்றுவிட்டது. நான் காபி போட்டு, சோம்பு போட்ட மரவள்ளி வடை சுடுவேன். ஒரு ஜோடி உட்கார்ந்து ஜனங்கள் கண்ணெதிரே சுருட்டு செய்யும். வருகிறவனுக்கு அதை இலவசமாகக் கொடுப்போம். அவன் அங்கேயே நின்று பற்றவைப்பான்.

வாலண்டியர் பேர் எழுதுகிற கூட்டத்துக்கு லியோகாதியோ காலை இழுத்துக்கொண்டு வந்தான்.

"எங்க ஜோடியை எழுது" என்றான் சங்கத் தலைவரிடம்.

"நெரெய்தாவைக் கேட்டியா?" என்றேன் நான்.

"பொண்டாட்டியைக் கேட்டுக்கிட்டா பேர் குடுப்பாங்க?"

"அவளை விடு. உன் கையைக் கேட்டியா?"

வாய் ஒரு பக்கம் கோண, சிரித்தான். "கை என் பேச்சைக் கேக்கும் தொமிங்கா அக்கா. நீங்கதான் யார் பேச்சையும் கேக்க மாட்டீங்க."

விஷயம் இதுதான். அவன் ஆலை வாசலுக்குப் போய் மேஸ்திரி ஒவிதியோவைப் பார்த்திருக்கிறான். என் நாற்காலியை எனக்குக் கொடு என்று கேட்டிருக்கிறான். ஒவிதியோ கெட்டவன் இல்லை. அவனும் ஒரு காலத்தில் இவர்கள் பக்கத்து மேஜையில் கட்டு கட்டினவன்தான். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மனசில்லாமல், "திருவிழாவுல ஸ்டாலுக்கு வந்து பாக்கறேன் அண்ணே. சுருட்டு நல்லா இழுத்தா திங்கக்கிழமையே வந்து உக்காருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டாலில் மேஜை போட்டோம். பத்துக் குழி வைத்த மர அச்சு, அதை இறுக்குகிற சின்ன திருகுப் பலகை, ஈரச் சாக்கில் சுற்றிய இலை. காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. மேலிலை காய்ந்தால் விரிசல் விடும் என்று நெரெய்தா ஈரத்துண்டை மேலே போட்டுவைத்தாள். லியோகாதியோ மீசைக்கு எண்ணெய் தடவி, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி வந்து உட்கார்ந்தான். பத்துக் கட்டு கட்டினான். அச்சில் வைத்து இறுக்கினான். அரை மணி கழித்து ஒவ்வொன்றையும் அச்சுக்குள்ளேயே கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடி இறுக்கினான். அப்படித் திருப்பினால்தான் கட்டின்மேல் அச்சின் கோடு விழாது.

முதல் கட்டை நெரெய்தா எடுத்தாள். நான் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டின்மேல் போன அவளுடைய கட்டைவிரல் நடுவில் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி மேலிலையை எடுத்துச் சுற்றினாள். இரண்டாவதையும் சுற்றினாள். அடுத்தடுத்து எல்லாவற்றையும் சுற்றினாள்.

அதில் ஒன்று ஒரு நெட்டை ஜெர்மன்காரனுக்குப் போயிற்று. பற்றவைத்து இழுத்தான். கன்னம் இரண்டும் பல்லோடு ஒட்ட இழுத்தான். முகம் தக்காளி ஆயிற்று. புகை வரவில்லை. மரியாதைக்காரன், பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். நாலடி தள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டதை நான் பார்த்தேன்.

"இன்னும் காயாத பச்சைச் சுருட்டு, அப்படித்தான் இருக்கும்" என்றான் லியோகாதியோ. "அதோட இவனுங்களுக்கு இழுக்கவும் தெரியாது."

அடுத்த பத்து அச்சில் இருக்கும்போது நெரெய்தா என் பக்கம் வந்தாள். வடை எடுக்கிற மாதிரி குனிந்தாள்.

"அக்கா, அரை மணிக்கு ஒருக்கா அவனைக் கூப்பிட்டு காபி குடு. பத்து நிமிஷம் இந்தப் பக்கம் திரும்பாம பாத்துக்க."

"எதுக்குடி?"

"கல்லு மாதிரி கட்டறான். கைக்கு எவ்வளவு இறுக்கறோம்னே தெரியலை. திருப்பி வைக்கற நேரத்துல நான் பிரிச்சு வேற கட்டி வச்சிடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "முப்பத்தோரு வருஷமா தள்ளாதவ, இப்ப தள்ளிட்டுப் போயேண்டி. அதுக்குத்தானே அந்த முறையே இருக்கு?"

"ஊரே பாக்கறப்பவா?"

"சரி, மேஸ்திரி வந்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டான்னு வை. திங்கக்கிழமை என்ன பண்ணுவே? நான் ஆலைக்குள்ள வந்து காபி போடணுமா?"

"திங்கக்கிழமை வரட்டும் அக்கா" என்றாள்.

ஆலை வேலையில் அறுபது வருஷ வழக்கத்தைத் தெரிந்த எவளும் செய்யாத தப்பு அது. சொந்த ஜோடியின் கட்டை முதுகுக்குப் பின்னால் பிரிக்கிறது என்றால், அவன் இருக்கும்போதே அவன் நாற்காலியை விற்கிற மாதிரி. அவளுக்கும் அது தெரியும். தெரிந்துதான் கேட்டாள். நானும் தெரிந்துதான் சரி என்றேன். பாதிப் பாவம் என் கணக்கில்தான்.

அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை, "டேய் லியோகாதியோ, இங்க வா, காபியில சக்கரை சரியான்னு பாரு" என்று கூப்பிடுவேன். முதல் தடவை அவனுக்கு வந்த கனவைப் பற்றிக் கேட்டேன். எந்த நம்பருக்கு லாட்டரி கட்டலாம் என்று கனவுக்குக் கனவு ஒரு கணக்கு வைத்திருக்கிறவன். அதில் பத்து நிமிஷம் போயிற்று. இரண்டாவது தடவை கனவு தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் செத்துப்போன என் புருஷனை இழுத்தேன்.

"என்ன சொன்னாலும் டொமினோவுல என் வீட்டுக்காரன்தான் உன்னைவிட கெட்டிக்காரன்."

"யாரு? ரமோனையா சொல்றீங்க?" கோப்பையை டங் என்று வைத்தான். "செத்தவனைப் பத்திப் பேசக்கூடாது. ஆனா அக்கா, அந்தாளு காயைச் சட்டைக் கைக்குள்ள ஒளிச்சு வச்சு ஆடினான்."

"ஒளிச்சு வைக்கவும் சாமர்த்தியம் வேணும்ல?"

"அது சாமர்த்தியமா? திருட்டு!"

"நீ கண்டுபிடிக்கலைல்ல?"

"இருபது வருஷமா கண்டுபிடிச்சேன்! மரியாதைக்குச் சொல்லலை!"

பதினைந்து நிமிஷம் சண்டை போட்டோம். அவன் தோளுக்குப் பின்னால், மேஜை விரிப்பு தொங்குகிற மறைவில், நெரெய்தா மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு இடது கையால் கட்டிக்கொண்டிருந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. பார்க்கிறவனுக்கு ஏதோ தைக்கிறாள் போல இருக்கும்.

மத்தியானத்துக்கு மேல் சுருட்டெல்லாம் நன்றாக இழுத்தது. சனிக்கிழமை இன்னும் நன்றாக இழுத்தது. ஒரு அமெரிக்கன் திரும்பி வந்து தன் சிநேகிதனுக்கு ஒன்று கேட்டான். பக்கத்து ஸ்டால்காரன் வந்து ஒன்று வாங்கிப்போய்ப் பிடித்துவிட்டு, "கிழவனுக்குக் கை போயிடுச்சுன்னு எவன் சொன்னான்?" என்று சத்தமாகக் கேட்டான்.

லியோகாதியோவின் முதுகு நிமிர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. ஒரு வருஷமாகத் தரையைப் பார்த்து நடந்தவன், போகிற வருகிறவனை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினான். இலை எந்தத் தோட்டத்தது, உள்ளிலையை ஏன் விசிறி மாதிரி மடிக்கணும், கை எவ்வளவு லேசா இருக்கணும். கை லேசா இருக்கணும் என்று அவன் சொன்னபோது எனக்கு வடை தீய்ந்துவிட்டது.

காபிக்கு வந்தவன் என் காதுக்கிட்டே குனிந்தான். "அக்கா, கை திரும்பிடுச்சு. டாக்டருங்க திரும்பாதுன்னாங்க. பாத்தீங்களா?"

நான் கரண்டியால் எண்ணெயைக் கலக்கினேன். "பாத்தேன்" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சின்னதாக நான் பதில் சொன்னது அதுதான்.

சாயங்காலம் கூடாரத்தை மடிக்கும்போது நெரெய்தாவைப் பிடித்துக்கொண்டேன். "இன்னிக்கே சொல்லிடு. நாளைக்கு அந்த மேஸ்திரி வர்றதுக்குள்ள சொல்லிடு."

"காலையில சட்டைப் பொத்தானை அவனே போட்டுக்கிட்டான் அக்கா" என்றாள். "பதினொரு மாசம் நான் போட்டுவிட்டேன். இன்னிக்கு என் கையைத் தட்டிவிட்டு அவனே போட்டான். ரெண்டு தப்பான ஓட்டைல. நான் ஒண்ணும் சொல்லலை."

நான் கூடாரக் கயிற்றைச் சுருட்டப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒவிதியோ வந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. என்னைப் பார்த்து, "பெரியம்மா, பனியன் அழகா இருக்கு" என்றான்.

"உன் வயித்துக்கும் ஒண்ணு இருக்கு, போட்டுப் பாக்கறியா?" என்றேன்.

சிரித்துக்கொண்டே மேஜைக்குப் போனான். லியோகாதியோ எழுந்து நின்று கை கொடுத்தான். நெரெய்தா எழவில்லை. ஒவிதியோ ஒரு சுருட்டை எடுத்து, முனையை வெட்டி, பற்றவைத்து நின்றுகொண்டே பிடித்தான். சாம்பல் ஒரு விரலளவு வந்தது. விழாமல் நின்றது.

"நல்லா இழுக்குது அண்ணே" என்றான்.

லியோகாதியோ என்னைத் திரும்பிப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினவன் மாதிரி ஒரு பார்வை.

அப்புறம் ஒவிதியோ எல்லா மேஸ்திரியும் செய்கிறதைச் செய்தான். இன்னொரு சுருட்டை எடுத்து, மேஜையில் கிடந்த வளைந்த கத்தியால் தலையிலிருந்து வால் வரை நீளமாகக் கீறினான். இரண்டாகப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தான். உள்ளே இலை எப்படிப் படுத்திருக்கிறது என்று பார்க்கிறதற்காக. பார்த்தவன் முகம் மாறிற்று. இன்னொன்றைக் கீறினான். அதையும் பார்த்தான்.

வலது கைக்காரர்கள் கட்டினதில் இலை வலது பக்கமாக மடிந்திருக்கும். இதில் இடது பக்கமாக மடிந்திருந்தது.

"அண்ணே, இது யாரு கட்டினது?"

"யாரு கட்டினதுன்னா? நான்தான்."

ஒவிதியோ நெரெய்தாவைப் பார்த்தான். "அக்கா, கிறிஸ்துமஸ் நெருக்கடியில அண்ணன் லேட்டா வர்ற நாள்ல நீங்க முதல் அச்சைக் கட்டி வைப்பீங்க. நான் பக்கத்து மேஜை. எனக்கு ஞாபகம் இருக்கு."

லியோகாதியோ கீறிப்போட்ட சுருட்டைக் கையில் எடுத்தான். அவனுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று எனக்குத் தெரியாது. என் வடை எல்லாம் கருகிப்போயிற்று.

"எத்தனை?" என்றான் கடைசியில்.

"முதல் பத்து உன்னோடது" என்றாள் நெரெய்தா.

"மத்தது?"

"அத்தனையும் நான் கட்டினது."

"தொமிங்கா அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்டா" என்றேன். "திட்டணும்னா என்னையும் சேத்துத் திட்டு."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். உள்ளிலையை எடுத்தான்.

"மேஸ்திரி, ஒரு காபி குடிக்கற நேரம் நில்லு" என்றான். அப்புறம் பொண்டாட்டி பக்கம் திரும்பாமல், "நீ தள்ளு. கெட்டுப்போயிருந்தா தள்ளு. இனிமே ஒருக்கா என் முதுகுக்குப் பின்னாடி பிரிச்சே, நான் உன் மொகத்துலயே முழிக்க மாட்டேன்."

கட்டினான். அச்சில் வைக்க நேரமில்லை, கையிலேயே உருட்டி அவள் பக்கம் வைத்தான். நெரெய்தா எடுத்தாள். கட்டைவிரலை ஓட்டினாள். கீழே வைத்து அவன் பக்கம் தள்ளினாள்.

ஸ்டால் முன்னால் நின்றவர்கள் மேஜைப் பக்கம் நெருங்கினார்கள். வெளியூர்க்காரனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் புரிந்தது. ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

அவன் அதைப் பிரித்து மறுபடி கட்டினான். அவள் தள்ளினாள். மூன்றாவதைத் தள்ளினாள். நாலாவது ரொம்பத் தளர்வு, அதையும் தள்ளினாள். அவனுடைய நெற்றியில் வியர்வை. ஐந்தாவதைக் கட்டும்போது கண்ணை மூடிக்கொண்டான். வலது கையை நம்பாமல் இடது கையின் விரலால் அதை அழுத்தி அழுத்திப் பார்த்தான். அதையும் அவள் தள்ளினாள். தள்ளுகிற ஒவ்வொரு தடவையும் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மோவாயில் நின்றது. ஆனால் தள்ளினாள். ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

ஆறாவதை எடுத்தாள். விரல் போயிற்று, வந்தது. இன்னொரு தரம் போயிற்று. மேலிலையை எடுத்துச் சுற்றி முடித்து ஒவிதியோ கையில் கொடுத்தாள்.

அவன் பற்றவைத்தான். இழுத்தது.

"இது நல்லா இருக்கு அண்ணே" என்றான். "ஆறுல ஒண்ணு. எனக்கு ஒரு நாளைக்கு முந்நூறு வேணும். நான் என்ன செய்ய, சொல்லுங்க."

"ஒண்ணும் செய்ய வேணாம்" என்றான் லியோகாதியோ. "நான் பாத்துட்டேன்."

ஒவிதியோ தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினான். "அத்தனையும் எங்க வச்சுக் கட்டினீங்க அக்கா? இங்க வேற மேஜை இல்லையே?"

"மடியில. பலகை வச்சு."

"மடியிலயா?" என்றான். "எங்கிட்ட இருந்து போன மாசம் கட்டறவங்க நாலு பேரு போயிட்டாங்க. இருக்கறவங்கள்ல பாதிப்பேரு மேஜை போட்டு உக்காந்தே இப்படிக் கட்டறதில்லை. நீங்க கட்டற நாற்காலியில உக்காருங்க. சுத்தறதுக்கு யோகாஸ்தான்னு ஒரு பொண்ணு இருக்கு, ஜோடி இல்லாம நிக்குது. உதிரி மேஜையில ஒட்டுப்போட்டுக்கிட்டு ஏன் கிடக்கீங்க?"

கட்டுகிற நாற்காலியில் எங்கள் ஆலையில் பொம்பளை உட்கார்ந்தது கிடையாது. நெரெய்தாவுக்கு அதெல்லாம் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"வேணாம் மேஸ்திரி. அது அவரு நாற்காலி."

"நாற்காலி ஆலையோடது அக்கா."

"நான் உக்கார மாட்டேன்."

எனக்கு வாய் பொறுக்கவில்லை. "உக்காரேண்டி! காலியா கிடந்தா அவன் கை வந்துடுமா?" என்று கத்திவிட்டேன். லியோகாதியோ என்னைப் பார்த்த பார்வையில் நான் கரண்டியைக் கீழே வைத்தேன். ஒரு வார்த்தை அதிகம்தான். என் புருஷனும் அதைத்தான் சொல்லிக்கொண்டே செத்தான்.

லியோகாதியோ மேஜையில் சிந்திக் கிடந்த இலைத் துணுக்கையெல்லாம் இடது கையால் கூட்டி ஒரு பக்கமாகச் சேர்த்தான். கத்தியை எடுத்துத் துணியில் துடைத்தான். நிதானமாக, இரண்டு பக்கமும் துடைத்தான். துடைத்ததை நெரெய்தாவின் முன்னால் வைத்தான்.

"அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை" என்றான். "ஆட்டம் குடுக்கும். அட்டையை நாலா மடிச்சு அடியில வச்சுக்க. இல்லாட்டி சாயங்காலம் இடுப்பு போயிடும்."

நெரெய்தா பச்சைப் பனியனைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒவிதியோ அந்த ஆறாவது சுருட்டைப் பிடித்துக்கொண்டே போய்விட்டான்.

திருவிழா முடிய இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. வாலண்டியர் பேர் கொடுத்தாயிற்று, பாதியில் எழுந்து போக முடியாது. மிச்ச நேரம் நெரெய்தா மேஜைமேல் வைத்து எல்லார் கண்ணுக்கும் தெரியக் கட்டினாள், அவளே சுற்றினாள். லியோகாதியோ சுருட்டை எடுத்து வருகிறவர்களுக்குக் கொடுத்தான். யார் செய்தது என்று ஒரு வெளிநாட்டுக்காரி சைகையில் கேட்டாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பொண்டாட்டியைக் கைகாட்டினான். சந்தோஷமாகக் காட்டினான் என்று நான் சொல்லமாட்டேன். காட்டினான்.

திங்கட்கிழமை காலை ஆலை வாசல் வரைக்கும் அவளோடு நடந்துபோய் விட்டுவிட்டு, நேரே என் வீட்டுக்கு வந்தான். காபி கொடுத்தேன்.

"அழுறியா?" என்று கேட்டேன்.

"உங்க புகை அடுப்பு" என்றான்.

அப்புறம் ஒரு மணி நேரம் அந்த யோகாஸ்தாவைத் திட்டினான். அவள் மேலிலையை ரொம்ப இழுப்பாளாம். முனையை ஒட்டுகிற பசையை அள்ளிப் பூசுவாளாம். அவளுடைய அம்மாவும் அப்படித்தானாம். திட்டி முடித்துவிட்டு, "வாழைக்காயை எவ்வளவு நேரம் வேகவைக்கணும்?" என்று கேட்டான்.

அறுபது வயது வரை அடுப்புப் பக்கம் போகாதவன். நான் நின்று சொல்லச் சொல்ல அவன் மசித்தான். உப்பை இரண்டு தடவை போட்டான், நான் தடுக்கவில்லை. தூக்குப் பாத்திரத்தில் போட்டு மூடி, பன்னிரண்டு மணிக்கு ஆலை வாசலுக்குக் கிளம்பினான். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

சங்கு ஊதியதும் நெரெய்தா வெளியே வந்தாள். நடைபாதை ஓரத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவள் ஒரு வாய் போட்டாள். முகம் ஒரு நொடி சுருங்கிற்று. அடுத்த வாயை எடுத்தாள்.

"எத்தனை கட்டு போட்டே?" என்றான் அவன், ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

"நூத்தி இருபது."

"காலையில மட்டுமா?"

"உம்."

ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று.

"என் முதல் நாள்ல நான் நாள் பூரா உக்காந்து எழுபதுதான் போட்டேன்" என்றான்.

"நீ அப்ப சின்னப் பையன்யா" என்றாள் நெரெய்தா. பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டு, தண்ணீர் கேட்டாள். ஒரு செம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தாள்.